கிடாரத்துக்குக் கீழே கிடந்த வளையங்கள்

என் கணவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதை நான் பார்த்ததில்லை. அதற்குப் பதிலாக விளங்கப்படுத்துவார். தேநீரைத் தட்டி ஊற்றிவிட்டால் மேசையின் ஒரு கால் கட்டை என்று விளங்கப்படுத்துவார். சோறு ஆறிய பிறகு வீட்டுக்கு வந்தால் வல்லை வெளியில் எந்தப் பக்கத்துக் காற்று அடித்தது, அது சைக்கிளை எப்படித் தள்ளியது என்று சொல்லத் தொடங்குவார். கலியாணம் முடித்து வந்த புதிதில், எவ்வளவு தெரிந்த மனிதர் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. சில வருடங்களில் அந்தப் பெருமை கரைந்துவிட்டது. அவர் பேசப் பேச நான் அரிசி புடைத்துக்கொண்டிருப்பேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஆனால் சிரிப்பதற்காக இதை எழுத உட்காரவில்லை. இவருக்கும் இவருடைய அக்காவுக்கும் பேச்சு அறுந்துபோனது. அதை ஒட்டவைக்கப் பசை தேடிய மனிதர் மறுபடியும் விளக்கத்தையே கையில் எடுத்தார். அதைத்தான் சொல்ல வேண்டும்.

இவருக்கு ஒரேயொரு அக்கா. தாய் நோய்க்காரி என்றபடியால் இவரைக் குளிப்பாட்டியது, தலைவாரியது, கையில் பிடித்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டது எல்லாம் அக்காதான். அவர் புத்தூரில் வாழ்க்கைப்பட்டார். முறைப்படி எனக்கு மச்சாள். புருஷன் வேளைக்கே கண்ணை மூடிவிட, ஒரே மகளை வைத்துக்கொண்டு வெங்காயத் தோட்டத்தைத் தானே நின்று பார்த்தார். உரத்த குரல், ஒளிவு மறைவில்லாத பேச்சு. என்னைக் கண்டவுடன், "என்ன பிள்ளை மெலிஞ்சுபோனாய், உவன் உனக்குச் சாப்பாடு தாறானோ, இல்லாட்டில் கதை மட்டும்தான் தாறானோ?" என்று கேட்பார். அந்தக் குடும்பத்தில் என்னை வாய்விட்டுச் சிரிக்கவைத்தவர் அவர் ஒருவர்தான். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மச்சாளின் மகளைத்தான் நாங்கள் எங்கள் பிள்ளையாக நினைத்தோம்.

கரவெட்டியில் எங்கள் வீட்டுக் கொட்டிலில் ஒரு ஜீப் நின்றது. உலக யுத்தம் முடிந்து வெள்ளைக்காரப் பட்டாளம் வெளிக்கிட்டபோது ஏலத்தில் விட்டதை என் மாமனார் எடுத்துவந்தாராம். அதன் சில்லு மற்ற வாகனங்களின் சில்லைப் போன்றதல்ல. ரயரைத் தாங்கும் இரும்பு றிம் இரண்டு பாதியாக இருக்கும். இரண்டையும் சேர்த்துச் சுற்றிவர நட்டுகள். அவற்றைக் கழற்றினால் றிம் தேங்காய்ப் பாதி போலப் பிரிந்து, ரயர் தன்பாட்டில் கையில் வரும். காற்றை இறக்காமல் அந்த நட்டுகளில் கைவைத்தால் பாதி றிம் பறந்துவந்து ஆளை முடித்துவிடும் என்று மாமனார் எல்லோரையும் வெருட்டி வைத்திருந்தார். அவர் காலமான பிறகு ஜீப் இவருடையதாயிற்று. இவர் அதைத் துடைக்கிற துடைப்பைப் பார்த்து, எனக்கு வாய்த்த சக்களத்தி இதுதான் என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லுவேன்.

எண்பத்து நாலாம் ஆண்டு ஆவணியில் மச்சாளின் மகளுக்குக் கலியாணம். மாப்பிள்ளை அம்பன் பக்கம். அங்கே றோட்டை விட்டு இறங்கினால் ஒழுங்கையெல்லாம் மணல். வெயில் காலத்தில் காலை வைத்தால் கணுக்கால் வரை புதையும். வாடகைக்கார் எதுவும் அந்த ஒழுங்கைக்குள் வர மாட்டேன் என்றது. "மாமன்ரை ஜீப் இருக்கேக்கை எனக்கென்ன கவலை" என்றார் மச்சாள். மாப்பிள்ளையை அழைத்துவரும் பொறுப்பை இவர் ஏற்றார். வாழைக்குலை கட்டி, கனகாம்பர மாலை போட்டு, ஜீப்பே மாப்பிள்ளை போலத்தான் வெளிக்கிட்டது. தட்டம் தூக்கிக்கொண்டு நானும் ஏறினேன்.

போகும்போது ஒரு வில்லங்கமும் இல்லை. திரும்பும்போது மாப்பிள்ளை, தோழன், மாப்பிள்ளையின் மாமிமார் என்று பாரம் ஏறியது. பாதி ஒழுங்கையில் சில்லு நான்கும் புதைந்து நின்றன. மீன் லொறி ஓடுகிற ஒருவர் வேலிக்கு அப்பால் நின்று பார்த்துவிட்டு, "காத்தைப் பாதிக்கு மேலை இறக்கிப்போட்டு ஓடுங்கோ அண்ணை. ரயர் பரந்து மணலுக்கு மேலாலை போகும்" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. காற்றை இறக்கினார்கள். ஜீப் மெல்ல எழும்பி மணலுக்கு மேல் போகத் தொடங்கியது. மாமிமார் கைதட்டினார்கள். ஒழுங்கை முடக்கில் இவர் திருப்பினார். அவ்வளவுதான். முன்சில்லின் ரயர் றிம்மின் விளிம்பை விட்டு உள்ளுக்கு வழுகி, ஒரு பக்கமாகக் கழன்று விழுந்தது. உள்ளே இருந்த ரியூப்பின் வால்வு அறுந்து காற்று சீறிக்கொண்டு போனது.

சில்லைத் தூக்க ஜக்கை வைத்தால் ஜக் மணலுக்குள் இறங்கியது. பலகை தேடி ஒருவர் ஓடினார். ஒருவழியாக ஸ்பேர் சில்லைப் பூட்டிக்கொண்டு வெளிக்கிட, மற்றப் பக்கத்து ரயரும் அதே மாதிரிக் கழன்றது. இனி என்ன செய்வது? தலைப்பாகையும் சரிகை வேட்டியுமாக மாப்பிள்ளை கொதிமணலில் நடந்தார். தோழன் குடை பிடித்தார். நான் தட்டத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் போனேன். றோட்டில் நின்று வந்த வாகனங்களையெல்லாம் மறித்து, ஒரு வானில் ஏறிப் புத்தூருக்குப் போய்ச் சேர்ந்தபோது முகூர்த்தம் தப்பிவிட்டது.

ஐயர் பஞ்சாங்கத்தைப் புரட்டி, பின்னேரத்தில் இன்னொரு நேரத்தை எடுத்துத் தந்தார். "உதுவும் குறையில்லாத நேரம்தான்" என்றார். ஆனால் சபையில் பாதிப்பேர் சாப்பிடாமலே எழும்பிப் போயிருந்தார்கள். பின்வளவில் இரும்பு வளையங்களின் மேல் இறக்கிவைத்த கிடாரங்களில் சோறு ஆறிக் கிடந்தது. தாலி ஏறியபோது மச்சாளின் முகத்தைப் பார்த்தேன். அவர் அழவில்லை, யாரையும் ஏசவும் இல்லை. அது எனக்குப் பயமாக இருந்தது. இவர் அந்த நேரம் வேலியோரம் நின்று, மணல் சூடேறினால் ரப்பர் எப்படி இளகும் என்று மாப்பிள்ளையின் சித்தப்பாவுக்கு விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளை சில மாதங்களில் ஜேர்மனிக்குப் போனார். "போனவுடனை கூப்பிடுறன்" என்றுதான் போனார். முதலில் கடிதம் அடிக்கடி வந்தது. பிறகு பெருநாள் திருநாளுக்கு வந்தது. பிறகு நின்றது. அங்கே வேறு ஒருத்தியோடு இருக்கிறாராம் என்று யாரோ வந்து சொன்னார்கள். அதைக் கேள்விப்பட்டு நாங்கள் புத்தூருக்குப் போனோம். மச்சாள் இவருக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். இவர் ஆறுதல் சொல்லியிருக்கலாம். பக்கத்தில் போய்ப் பேசாமல் இருந்திருந்தாலே காணும். அதை விட்டுவிட்டு, "அண்டைக்கு ரயர் கழண்டது என்ரை பிழையில்லை, லொறிக்காரன் சொன்னபடிதான் காத்தை இறக்கினனான்" என்று தொடங்கினார். யாரும் அதைக் கேட்கவில்லை. மச்சாளின் மனதில் அன்றைக்கு முகூர்த்தம் இருந்ததோ இல்லையோ, இவர்தான் அதைக் கொண்டுவந்து நடுவிலே போட்டார்.

மச்சாள் எழும்பி நின்றார். "என்ரை பிள்ளையின்ரை நல்ல நேரத்தை நீ மணலுக்கை புதைச்சுப்போட்டு வந்து, என்னட்டை லொறிக்காரன்ரை கதை சொல்லுறியோ?"

இவர் தேத்தண்ணியைக் குடிக்காமல் எழும்பி வந்தார். அன்றோடு அந்த வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நல்லது கெட்டதுக்குப் போக்குவரத்து நின்றது. எங்கள் ஊர்களில் இது புதிதில்லை. அண்ணன் தம்பி வேலிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இருந்துகொண்டு ஆயுள் முழுவதும் முகம் பாராமல் இருப்பார்கள். ஒருவர் செத்தால் மற்றவர் வந்து பந்தலுக்குள் நிற்பார். அப்படி ஒரு வீம்பு. எங்கள் வீட்டுக்கும் அது வரும் என்று நான் நினைக்கவில்லை.

வருடங்கள் போயின. தொண்ணூறுக்குப் பிறகு சண்டையும் பொருள்களுக்குத் தடையும் வந்தன. பெற்றோல் இல்லை, மின்சாரம் இல்லை, ரயர் ரியூப் எதுவும் வடக்குக்கு வராது. கார்பரேட்டருக்குள் நாலு துளி பெற்றோலைச் சொட்டிவிட்டு எஞ்சினை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடினார்கள். இவரும் ஜீப்பை மண்ணெண்ணெய்க்கு மாற்றினார். கரையோர ஊர்களிலிருந்து மீனும் கருவாடும் நெல்லியடிச் சந்தைக்கு வரவேண்டும். நோயாளிகளும் வரவேண்டும். மணற்காட்டுப் பக்கம், எங்கள் கரையிலுள்ள நாகர்கோவில் பக்கம் எல்லாம் மணல். அந்தப் பாதைக்கு ஜீப்பைப் போல வேறு வாகனம் இல்லை. ஆனால் காற்றை இறக்க இவருக்குப் பயம். காற்றை இறக்காமல் போனால் புதையும். இரண்டுக்கும் நடுவில் மனிதர் திண்டாடினார். ரயர் தேய்ந்தபோது, டீசல் இல்லாமல் சும்மா நின்ற ஒரு உழவு இயந்திரத்தின் முன்ரயர்களை வாங்கிவந்து ஜீப்புக்குப் பூட்டினார். அளவு கச்சிதமாக இருந்தது.

அந்த ரயரைப் பூட்டுவதற்காக முற்றத்தில் றிம்மைப் பிரித்து வைத்திருந்தார். நான் குசினியில் மீன் குழம்பை இறக்கிவைக்க, சுவரில் தொங்கிய இரும்பு வளையத்தை எடுத்தேன். என் மாமியார் காலத்திலிருந்து இருந்த வளையம் அது. அடி உருண்ட சட்டியோ பானையோ உருளாமல் இருக்க அதன் மேல் வைப்போம். நாலு விரல் அகலம், நல்ல பாரம், ஒரு இடத்தில் சின்ன ஓட்டை. ஆணியில் கொழுவத்தான் அந்த ஓட்டை என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். சட்டியை இறக்கிவிட்டுத் திரும்பினால் இவர் வாசலில் நிற்கிறார். கையில் ரியூப். கண் வளையத்தில்.

"அந்தச் சட்டியைத் தூக்கும்" என்றார்.

"கொதிக்குது."

"தூக்குமெண்டுறன்!"

தூக்கினேன். வளையத்தை எடுத்துக்கொண்டு ஓடினார். றிம்மின் ஒரு பாதியில் வைத்தார். வீட்டுக்கு அளந்து செய்த கதவு போல இருந்தது. ரியூப்பின் வால்வு, நாங்கள் ஆணியில் மாட்டுகிற அந்த ஓட்டைக்குள்ளால் அளவாக வெளியே வந்தது. இவர் முற்றத்தில் அப்படியே குந்திவிட்டார்.

பிறகு எனக்கு விளங்கப்படுத்தினார். இந்த ஒருமுறை நான் அரிசி புடைக்காமல் கேட்டேன். ரயரின் இரண்டு விளிம்புக்கும் நடுவில் அந்த வளையம் உட்காரும். றிம்மின் இரண்டு பாதியையும் நட்டுப்போட்டு இறுக்கும்போது, ரயரின் விளிம்புகள் வளையத்துக்கும் றிம்முக்கும் நடுவில் நெரிபட்டு நிற்கும். காற்று முழுவதும் போனாலும் ரயர் உள்ளுக்கு நழுவ இடமில்லை. மணலிலும் சேற்றிலும் காற்றை இறக்கி ஓடத்தான் பட்டாளம் அதைச் செய்திருந்தது. ரயர் மாற்ற இடைஞ்சல் என்று மாமனார் எப்போதோ அவற்றைக் கழற்றி எறிந்திருக்கிறார். நல்ல இரும்பைக் கண்ட மாமியார் விடுவாரா? குசினிக்குள் எடுத்துவிட்டார். ஒன்றைத் தனக்கு வைத்துக்கொண்டு, மற்ற நான்கையும் மகள் புத்தூருக்குப் போகும்போது கிடாரங்களோடு சேர்த்துக் கொடுத்துவிட்டார்.

இவர் என் முகத்தைப் பார்த்தார். எனக்கும் அப்போதுதான் விளங்கியது. அம்பன் மணலில் ரயர் கழன்றபோது, அதைக் கழலவிடாமல் வைத்திருக்கவேண்டிய வளையங்கள் கலியாண வீட்டுப் பின்வளவில் சோற்றுக் கிடாரங்களைத் தாங்கிக்கொண்டிருந்தன. எனக்கு மச்சாளின் அன்றைய முகம் நினைவுக்கு வந்தது. இவருடைய முகமோ மலர்ந்திருந்தது. "பாத்தீரோ, பிழை என்னிலை இல்லை" என்றார்.

அந்த வளையங்களைக் கேட்க நான்தான் போனேன். இவர் போகமாட்டார், எனக்குத் தெரியும். எனக்கும் போக ஒரு சாட்டு வேண்டியிருந்தது. இரண்டு ஊருக்கும் நடுவில் கிடக்கிற வல்லை வெளியில் எதிர்காற்றில் சைக்கிளை மிதித்துக்கொண்டு புத்தூரில் போய் இறங்கியபோது சேலை முழுவதும் புழுதி. மச்சாள் முற்றத்தில் வெங்காயம் காயப்போட்டுக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. மகள் கிணற்றடியில் நின்றவள், "மாமி" என்று ஓடிவந்தாள். சாப்பிட்டோம், ஊர்க்கதை பேசினோம். கடைசியாகத்தான் வளையத்தைக் கேட்டேன்.

மச்சாள் என்னை உற்றுப் பார்த்தார். "வளையம் கேட்டு வந்தனியோ, என்னைக் கேட்டு வந்தனியோ?"

"ரெண்டுக்கும்தான் மச்சாள்."

"அவன் என்னத்தைக் கேட்டுவரச் சொன்னவன்?"

பொய் சொல்ல எனக்கு வரவில்லை. காயப்போட்ட வெங்காயத்தில் ஒன்றை எடுத்துத் தோலை உரித்தேன். மச்சாள் சிரித்தார். எழும்பிப்போய் வளையங்களைக் கொண்டுவந்து, தேங்காய்ப் பொச்சால் கரியைத் தேய்த்துத் தந்தார். "கொண்டுபோ. இனி இந்த வீட்டிலை ஆருக்குக் கலியாணம், கிடாரம் ஏத்த?" என்றார். மகள் அவற்றைச் சைக்கிள் கரியரில் கட்டிவிட்டாள். நான் படலையைத் தாண்டும்போது மச்சாள் பின்னால் வந்து, "அவனுக்கு இருமல் எப்பிடி?" என்று கேட்டார். பனிக்காலத்தில் இவருக்கு இருமல் வரும். அதை மறக்கவில்லை. நான் வீட்டுக்கு வந்ததும் வளையத்தைக் கொடுக்க முதல் அதைத்தான் சொன்னேன். இவருக்குக் கண் கலங்கியது. உண்மையாகவே கலங்கியது.

வளையங்களை உள்ளே வைத்து றிம்களை இறுக்கினார். ஜீப்பை மணற்காட்டுக்குக் கொண்டுபோனோம். சில்லு சப்பையாகும் வரை காற்றை இறக்கினார். கடலோர மணல் மேட்டில் ஏற்றினார், இறக்கினார், வெட்டித் திருப்பினார். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். ரயர் அசையவில்லை. மீனவர்கள் வலையை விட்டுவிட்டு வந்து பார்த்தார்கள். இவர் சின்னப் பிள்ளை போலச் சிரித்தார். பிறகு எஞ்சினை நிறுத்திவிட்டு ஸ்ரேறிங்கில் தலையை வைத்தார்.

"அண்டைக்கு இது உள்ளுக்கை இருந்திருந்தால், அவளின்ரை வாழ்வு..."

"அண்டைக்கு இருந்திருந்தாலும் அவன் ஜேர்மனிக்குத்தான் போயிருப்பான்" என்றேன். "நேரம் தப்பினதாலை ஒருத்தன் கடிதம் எழுதாமல் விடுறேல்லை. மச்சாளுக்கும் உது தெரியும். நீங்கள் ஒருக்காப் போய் 'அக்கா' எண்டு கூப்பிட்டால் எல்லாம் சரி. வளையக் கதையை மட்டும் எடுக்காதேங்கோ."

"விளங்கப்படுத்தாமல் எப்பிடி? அவ இன்னமும் என்ரை பிழையெண்டெல்லே நினைச்சுக்கொண்டிருக்கிறா."

அந்த இடத்தில்தான் மனிதர் சறுக்கினார். அக்காவிடம் சொல்லவேண்டியதை ஊருக்குச் சொன்னார். நெல்லியடிச் சந்தையில் மீன் இறக்கும்போது சொன்னார். நோயாளியை ஏற்றும்போது சொன்னார். கேட்டவர்களுக்கு நல்ல பகிடி. சில்லுக்குள் இருக்கவேண்டியதைக் கிடாரத்துக்குக் கீழே வைத்துச் சோறாக்கிய கதை! வாய்க்கு வாய் மாறி அது புத்தூருக்குப் போனபோது, தமக்கை பேராசையில் வளையத்தை வாங்கி வைத்ததால்தான் மகளின் கலியாணம் கெட்டது என்று ஆகியிருந்தது. மச்சாள் சந்தைக்கு வந்த ஒருத்தியிடம் சொல்லி அனுப்பினார்: "முதல் என்ரை பிள்ளையின்ரை நேரத்தைக் கெடுத்தவன், இப்ப என்ரை குசினியையும் குற்றம் சொல்லுறானாம். கரி தேய்ச்சுக் குடுத்தனே, எனக்கு வேணும்."

எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு உலை வைக்கவில்லை. "உங்கடை வாய்க்குள்ளை ஒரு வளையம் போட்டு இறுக்கியிருக்கவேணும்" என்றேன். அதற்குப் பிறகு இவர், அடுத்த மழைக்குப் போகிறேன், அறுவடை முடியப் போகிறேன், தைப்பொங்கலுக்குப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நேரே போய் நிதானமாக, தொடக்கத்திலிருந்து, ஒழுங்காக விளங்கப்படுத்தப்போகிறாராம். கொட்டிலுக்குள் நின்று தனக்குத்தானே அதைச் சொல்லிப் பார்ப்பது எனக்குக் கேட்கும். ஒரு நாளும் போகவில்லை.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு ஐப்பசி முடிகிற நேரம் புத்தூர் இருக்கிற வலிகாமம் முழுவதும் எழும்பியது. சண்டை நெருங்குகிறது, எல்லோரும் வெளியேறுங்கள் என்று அறிவித்துவிட்டார்கள். விடிந்தபோது வல்லை வழியாகச் சனம் வந்துகொண்டிருந்தது. தலையில் மூட்டை, சைக்கிளில் மூட்டை, மாட்டைப் பிடித்தபடி, கிழவர்களைத் தூக்கியபடி. மழை விட்டுவிட்டுப் பெய்தது. இவர் கொட்டிலுக்குள் போய், சேர்த்துவைத்திருந்த மண்ணெண்ணெயை ஜீப்புக்குள் ஊற்றினார். எங்கே என்று நான் கேட்கவில்லை. நானும் ஏறினேன். "கண்டவுடனை 'அக்கா, ஏறு' எண்டு மட்டும் சொல்லுங்கோ" என்றேன். ஓம் என்று தலையாட்டினார்.

றோட்டில் அந்தச் சனத்துக்கு எதிராகச் சைக்கிள்கூடப் போகாது. இவர் இறங்கிச் சில்லுகளின் காற்றை இறக்கினார். பிறகு ஜீப்பை றோட்டை விட்டு வெளிக்குள் விட்டார். மழையில் ஊறிப்போன சேற்று மணல். வேறு எந்த வாகனமும் அங்கே இறங்கியிருக்காது. சப்பைச் சில்லோடு ஜீப் மெல்ல மெல்லப் போனது. நான் றோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். வல்லைப் பாலம் தெரிகிற தூரத்தில் மச்சாளின் மகளைக் கண்டேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பக்கத்தில் மச்சாள், தலையில் ஈரச் சாக்கைப் போட்டுக்கொண்டு, கையில் பையோடு நடந்து வந்தார்.

இவர் ஜீப்பை நிறுத்திவிட்டு றோட்டுக் கரையில் ஏறி ஓடினார். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு இரண்டு பேரும் முகத்துக்கு முகம் நின்றார்கள். இவர் கையை நீட்டி மச்சாளின் பையை வாங்கினார். மச்சாள் அதைக் கொடுத்தார். நான் பின்னால் நின்று அதைப் பார்த்தேன். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பை கை மாறிவிட்டது, இனி என்ன என்று நினைத்தேன்.

மச்சாள் கீழே நின்ற ஜீப்பைப் பார்த்தார். சப்பளிந்து கிடந்த சில்லுகளைப் பார்த்தார்.

"உது கழராதோ?" என்று கேட்டார்.

இவருடைய முகம் வெளித்தது. அந்தக் கேள்விக்காகத்தானே இவ்வளவு காலம் இருந்தார். "கழராது. இப்ப உள்ளுக்கை வளையம் இருக்கு. காத்தே இல்லாட்டிலும் நிக்கும். அண்டைக்கு அதுகள் உன்ரை வீட்டிலை கிடாரத்துக்குக் கீழை..."

நான் இவருடைய சேட்டுக் கையைப் பிடித்து இழுத்தேன். பிந்திவிட்டது.

மச்சாள் தலையில் நழுவிய சாக்கைச் சரிசெய்தார். பிறகு பையைத் திருப்பி வாங்கினார். பறிக்கவில்லை, மெதுவாகத்தான் வாங்கினார். "அப்ப இப்பவும் பிழை என்ரை கிடாரத்திலைதான்" என்றார். "நட பிள்ளை."

நான் பின்னால் ஓடினேன். "மச்சாள், அவரை விடுங்கோ, நீங்கள் என்னோடை இருங்கோ, எங்கடை வீட்டை வாங்கோ" என்று கையைப் பிடித்துக் கெஞ்சினேன். மச்சாள் என் கன்னத்தைத் தடவினார். "வரணியிலை பிள்ளையின்ரை தேப்பன்ரை ஆக்கள் இருக்கினம். நாங்கள் அங்கை போறம். நீ நனையாதை, போ." மகள் மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனாள். பிறகு சனத்துக்குள் அவர்களைக் காணவில்லை.

ஜீப்பைச் சும்மா திருப்பிக்கொண்டு போக முடியாது. நடக்க முடியாமல் றோட்டோரம் இருந்த ஒரு கிழவரையும் கிழவியையும் ஏற்றினோம். கைக்குழந்தையோடு ஒருத்தியை ஏற்றினோம். முன்பின் தெரியாத சனம். "என்ன மாதிரிச் சில்லு தம்பி, இந்தச் சேத்துக்கை போகுது" என்று கிழவர் ஆச்சரியப்பட்டார். இவர் அதற்கு ஒரு சொல்லும் சொல்லவில்லை. எனக்குத் தெரிய, யாரும் கேட்டும் இவர் விளங்கப்படுத்தாமல் விட்டது அதுதான் முதல் தடவை.

வரணிக்குப் போவோம் என்று நான் நச்சரித்தேன். "கோபம் ஆறட்டும்" என்றார். எங்கள் வீட்டிலும் இடம்பெயர்ந்த சனம் நிறைந்திருந்தது. தண்ணீர், விறகு, நோய் என்று நாள்கள் ஓடின. உறவினர் வீட்டில் இடம் இல்லாமல் மச்சாளும் மகளும் ஒரு பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டோம். நாளைக்குப் போவோம் என்றார். அந்த நாளைக்கு முதல் செய்தி வந்துவிட்டது. காய்ச்சலாம். மருந்து கிடைக்கவில்லையாம்.

நாங்கள் போனபோது வகுப்பறையில் பிள்ளைகள் இருந்து படிக்கிற இரண்டு வாங்குகளைச் சேர்த்து, அதில் மச்சாளைக் கிடத்தியிருந்தார்கள். சுற்றிவர மற்றக் குடும்பங்களின் மூட்டைகள். மழைக்குள் பந்தல் போட இடமில்லை. இவர் வாசலில் நின்றார். மச்சாளின் மகள் எழும்பி வந்து இவரைக் கையில் பிடித்துக் கூட்டிப்போனாள். அவள் சத்தம் போட்டிருந்தால், நாலு வார்த்தை பேசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். அவள் கோபிக்கவில்லை. தாயின் காலடியில் இருந்துகொண்டு, தாழ்ந்த குரலில் கேட்டாள்:

"மாமா, ஏறாத ஆள் சில்லு கழருமோ எண்டு கேக்குமோ? ஏறுறதுக்குத்தானே அம்மா கேட்டவ. 'இல்லை அக்கா, ஏறு' எண்டு சொல்லியிருந்தால் காணுமே."

இவர் வாயைத் திறந்தார். இந்த நேரத்திலும் ஏதாவது தொடங்கிவிடப் போகிறாரோ என்று நான் பயந்துபோனேன். "அக்கா" என்றார். பிறகு வாங்கின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "கழராது அக்கா, ஏறு" என்றார். மற்றக் குடும்பத்துப் பிள்ளைகள் அழுகையை நிறுத்திவிட்டு இவரைப் பார்த்தார்கள். "ஏறு அக்கா, ஏறு அக்கா" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். தூக்க ஆட்கள் வந்தபோது நானும் அவளும் பிடித்துத்தான் அவரை எழுப்பினோம்.